மாவுக் கணக்கு

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

நம் பள்ளியில் வணிகவியல் படித்த தம்பி ஒருவர் போன வாரம் மெசஞ்சரில் கேட்டிருந்தார். "சார், கடை ஆரம்பிச்சு ஒன்றரை வருஷம் ஆச்சு. கையில ஒன்னும் நிக்கல. வீட்டுல எல்லாரும் வேலைக்குப் போன்னு சொல்றாங்க. மூடிரலாமா?" இந்த வருடத்தில் இதே கேள்வியைக் கேட்ட நான்காவது ஆள் அவர். தனித்தனியாக எழுதக் கண் ஒத்துழைப்பதில்லை. அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

இப்படிக் கேட்பவர்களுக்கு எல்லாரும் பெரிய மனிதர்கள் கதையைத்தான் சொல்வார்கள். நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பாட்ரிசியா நாராயண் 1982இல் மெரினாவில் தள்ளுவண்டி போட்டார், முதல் நாள் விற்றது ஒரே ஒரு காபி, 2010இல் ஃபிக்கி அமைப்பின் பெண் தொழில்முனைவோர் விருது வாங்கினார். உண்மைக் கதை, மரியாதைக்குரிய பெண்மணி. ஆனால் கேட்கிறவர் மனதில் அந்த ஒரு காபியும் விருதும்தான் நிற்கும். நடுவில் 28 வருடம் இருக்கிறது. தம்பி இப்போது நிற்பது அந்த நடுவில். அதனால் விருது எதுவும் வாங்காத ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். என் தங்கை. எழுதட்டுமா என்று கேட்டேன். "என் பேரைப் போடாம எழுதுங்கண்ணே" என்றாள்.

2012 தொடக்கத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இரண்டு பெண் பிள்ளைகள், ஒருத்தி எட்டாவது, ஒருத்தி ஐந்தாவது. பாளையங்கோட்டையில் வாடகை வீடு. ஆறு மாதம் நான் கொடுத்ததை வாங்கிக்கொண்டாள். ஏழாவது மாதம் வேண்டாம் என்றுவிட்டு, வளையலை அடகு வைத்து 10 லிட்டர் கிரைண்டர் ஒன்று வாங்கினாள். இட்லி மாவு அரைத்து விற்கப் போகிறாளாம்.

அந்த வருடத்து மின்வெட்டை மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்கு 12, 14 மணி நேரம்கூடக் கரண்ட் இருக்காது. கிரைண்டரை நம்பித் தொழில் தொடங்க அதைவிட மோசமான நேரம் கிடைக்காது. இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் வரும், எழுந்து உளுந்தைப் போடுவாள். பாதியில் போய்விடும். ஊறின அரிசியை வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருப்பாள். காலை ஆறு மணிக்குள் பாக்கெட் போட்டாக வேண்டும். புளித்த மாவிலேயே கை கிடந்து விரல் இடுக்கெல்லாம் புண்ணாகி, சாதம் பிசைந்து சாப்பிட முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள்.

அதைவிடக் கஷ்டம் கடை கடையாக ஏறி இறங்குவது. "வச்சுட்டுப் போம்மா, வித்தா பாப்போம்" என்பார் அண்ணாச்சி. சித்திரை வெயிலில் மாவு பாக்கெட்டுக்குள்ளேயே பொங்கி ஊதிவிடும். சாயங்காலம் போனால் ஊதின பாக்கெட்டைத் திருப்பிக் கொடுப்பார்கள், விற்றதற்குக் காசு அடுத்த வாரம். ஒரு கல்யாண வீட்டில் பந்திக்கு உட்காரும்போது, "வாத்தியார் தங்கச்சி மாவு விக்காளாமே" என்று அவள் காதில் விழும்படியே சொன்னார்கள். சொன்னவர்கள் இந்தப் பதிவைப் படிக்கக்கூடும். கோபம் ஒன்றுமில்லை. அவர்களில் இரண்டு வீட்டுக்கு இன்று அவள் மாவுதான் போகிறது.

2014 ஆடி மாதம் வீட்டுக்கு வந்தாள். "முடியலண்ணே, மூடிரட்டுமா?" என்றாள். அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தைரியம் சொல்ல எனக்குத் தெரியாது. தெரிந்தது கணக்குப்பதிவியல். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவள் எழுதி வைத்திருந்ததை எல்லாம் எடுத்து வரச் சொன்னேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தோம்.

உங்களுக்கு 11ஆம் வகுப்பில் எடுப்புகள் நடத்தினேன், நினைவிருக்கிறதா? முதலாளி சொந்தச் செலவுக்கு வியாபாரத்திலிருந்து எடுப்பது. வீட்டு இட்லிக்கு எடுத்த மாவு, மாப்பிள்ளையின் மருந்து, பிள்ளைகளின் நோட்டு, எல்லாம் கல்லாவிலிருந்து போயிருந்தது. அதனால்தான் கையில் ஒன்றும் நிற்கவில்லை. அதைத் தனியாகப் பிரித்ததும் மாவில் லாபம் இருப்பது தெரிந்தது. ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டால் சுமார் 3 கிலோ மாவு வரும். இதில் நஷ்டம் வருவது அவ்வளவு சுலபமில்லை. நஷ்டம் வந்தது கடைகளில். ஏழு கடையில் மூன்று கடை வாராக்கடன், ஊதின பாக்கெட்டும் பெரும்பாலும் அங்கிருந்தே திரும்பியது. நேரடியாக வாங்கும் 23 வீடுகள் ஒரு நாளும் பாக்கி வைத்ததில்லை.

மூன்று கடைகளை அன்றே விட்டாள், மற்ற நான்கையும் மெதுவாக விட்டாள். தெருத் தெருவாக வீடுகளைப் பிடித்தாள். பணம் வாங்க வெட்கப்பட்டுப் பெரியவளை அனுப்பிக்கொண்டிருந்தவள், தானே போய் நின்று கேட்கப் பழகினாள். அதற்கு ஒரு வருடம் ஆனது. கை ரணத்தைவிட அதுதான் ஆறத் தாமதமானது என்று இப்போது சிரித்துக்கொண்டே சொல்வாள்.

அதற்கப்புறமும் நேர்கோடாகப் போகவில்லை. 2015-16இல் உளுந்து கிலோ 150 ரூபாயைத் தாண்டியது. விலையை ஏற்றினாள், ஆறு வீடு நின்றது. உளுந்தைக் குறைக்கச் சொல்லிப் பலர் யோசனை சொன்னார்கள், அவள் கேட்கவில்லை. 2016 நவம்பரில் 500 ரூபாய் நோட்டு செல்லாமல் போனபோது ஒரு மாதம் முழுக்க நோட்டில் எழுதிக் கொடுத்தாள். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்ததும் தூக்குச்சட்டி கொண்டு வருபவர்களுக்கு இரண்டு ரூபாய் குறைத்தாள், அது நன்றாகவே ஓடியது. வெயில் காலத்தில் ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்து உடனே ஃபிரிட்ஜில் வைக்க யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, கெட்டுப்போன மாவைக் கொட்டிக் கொட்டிக் கற்றுக்கொண்டாள்.

இன்று சாய்த்து ஊற்றும் பெரிய கிரைண்டர் இரண்டு, உதவிக்கு இரண்டு பெண்கள். கார் பங்களா எல்லாம் இல்லை, வாடகை வீடுதான். பெரியவள் நர்ஸாக இருக்கிறாள். சின்னவள் பி.காம் முடித்துவிட்டுக் கணக்கு எழுதுகிறாள், எடுப்புகளுக்குத் தனி நோட்டு போட்டிருக்கிறாள். மாப்பிள்ளை கம்பு ஊன்றி வாசல் வரை நடக்கிறார், பாக்கெட்டில் தேதி முத்திரை குத்துவது அவர் வேலை. இடது கையால்.

மூடுவது கேவலம் என்று நான் சொல்ல வரவில்லை. இந்த நான்கு பேரில் ஒருவர் கணக்கை அனுப்பினார். செல்போன் ரிப்பேர் கடை, வாடகையே வருமானத்தில் பாதியைத் தின்றது. மூடு தம்பி என்றுதான் எழுதினேன், மூடிவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போகிறார். உடம்பு வலியும் ஊர்ப் பேச்சும் காரணமென்றால் கொஞ்சம் பொறுக்கலாம். காசு எங்கே போகிறது என்று தெரியாமல் இருந்தால், பொறுப்பதா மூடுவதா என்று முடிவெடுக்கவே முடியாது. ஆகவே, கேள்வி கேட்ட தம்பி, மூன்று மாத வரவு செலவைத் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புங்கள். வீட்டுச் செலவு தனியாக. கையெழுத்து மோசமாக இருந்தாலும் பரவாயில்லை, 34 வருடம் அதைத்தானே படித்தேன்.

மாவுத் தொழில் தொடங்க நினைக்கும் பெண்கள் யாராவது தங்கையிடம் பேச விரும்பினால் இன்பாக்ஸில் வாருங்கள், நம்பர் தருகிறேன். மதியம் ஒன்றிலிருந்து நான்கு மணி வரை மட்டும் கூப்பிடாதீர்கள். அவள் தூங்குவது அப்போதுதான்.