முன்வாசல்

இலங்கை மலையகத்தின் அப்புத்தளை ஸ்டேசனில் இறங்கினால் முதலில் மூக்குக்குத்தான் ஊர் தெரியும். யூக்கலிப்டஸ் இலை, நனைந்த மண், எங்கேயோ புகையும் பச்சை விறகு. ஐம்பது வருசம் கழித்தும் அது மாறவில்லை. ஈரக் கம்பளி வாடையை மட்டும் காணோம். கொழுந்துக்குப் போகிறவர்கள் இப்போது மழைக்குப் பாலித்தீன் போர்த்துகிறார்கள்.

ஆடிஷாமில் ஓர் இரவுக்கு அறை சொல்லிவைத்திருந்தேன். டவுனிலிருந்து மூன்று கிலோமீட்டர் போல, தங்கமலைக் காட்டை ஒட்டி நிற்கும் பங்களா. இப்போது அது புனித பெனடிக்ட் மடம். தங்க வருகிறவர்களுக்குச் சில அறைகள் ஒதுக்கியிருக்கிறார்கள்.

கட்டியவர் சர் தாமஸ் வில்லியர்ஸ். இங்கிலாந்தின் பிரதமராயிருந்த ஜான் ரசல் பிரபுவின் பேரன். தோட்டத்தில் வேலை பழக வந்து, பின்னால் ஜார்ஜ் ஸ்டூவர்ட் கம்பனியின் தலைவரானவர். கென்ட் பக்கத்தில் தன் சிறுவயது ஊரான ஆடிஷாமின் பெயரை 1931இல் இந்த வீட்டுக்கு வைத்தார். கல் சுவர், டியூடர் காலத்துப் பாணி, கதவுக்கும் தரைக்கும் பர்மாத் தேக்கு. ஊர் நினைப்பு வந்தவர் ஊரையே கட்டிப் பார்த்திருக்கிறார். தோட்டக்கூலிக்கு வந்த எங்கள் ஆட்களும் ஊரைக் கொண்டுவந்தவர்கள்தான். மாரியம்மனை, தப்பை, காமன்கூத்தை. கட்டிப் பார்க்கத்தான் சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லை.

தாத்தா அங்கே பூந்தோட்ட வேலைக்குப் போனார். துரை போய், வீடு கைமாறி, 1960களின் தொடக்கத்தில் சில்வெஸ்திரின் பெனடிக்டின் சாமிமார் வந்த பிறகும் போனார். “தொரையும் சாமியும் ஒண்ணா தாத்தா?” என்று கேட்டால், “சாமிமாரு மம்பட்டி புடிப்பாங்கடா” என்பார். அவரைப் பொறுத்தவரை அதற்குமேல் வித்தியாசம் சொல்லத் தேவையில்லை.

அந்தி சாய்ந்து வரும்போது சட்டைப்பையில் ஏதாவது இருக்கும். ஒருநாள், ஈரச் சாக்குத் துண்டில் சுற்றிய டேலியாக் கிழங்கு. எங்கள் லயத்து வரிசைவீட்டில் இஸ்தோப்புத் திண்ணைக்கும் கான் வாய்க்காலுக்கும் நடுவே ஒரு முழம் மண்தான் இருந்தது. அதில் ஊன்றினார். நாலைந்து மாதத்தில் அப்பாயியின் முகத்தளவு சிவப்புப் பூ. பக்கத்துக் காம்பராவிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். அப்பாயி மட்டும், “இதத் திங்கவா முடியும், கீரய போட்டுருக்கலாம்” என்றாள். ஆனாலும் அரிசி கழுவிய தண்ணீரை அதற்குத்தான் ஊற்றினாள்.

சாமிமார் வந்து குடியேறிய கொஞ்ச காலத்திலேயே எங்களை அனுப்பக் கணக்கெடுத்தார்கள். 1948 குடியுரிமைச் சட்டம் ஏற்கெனவே எங்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964 அக்டோபரில் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள். எங்கள் காம்பரா இந்தியாக் கணக்கில் விழுந்தது. 1973இல் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பலேறினோம். எனக்கு ஒன்பது வயது. தகரப் பெட்டியில் துணிகளுக்கிடையே தாத்தா ஒரு கிழங்கு வைத்திருந்தார். மண்டபம் முகாமில் பெட்டியைத் திறந்தபோது அது அழுகி, அப்பாயியின் நல்ல சேலையில் கறை ஏறியிருந்தது. அப்புறம் கோத்தகிரி. மறுபடியும் தேயிலை. அங்கே எங்களுக்குப் பெயர் ‘சிலோன்காரங்க’.

தாத்தா இந்த ஆடிஷாம் வீட்டுக்குள் போனதெல்லாம் குசினிப் பக்கத்து வாசலால். நான் கையில் பையோடு முன்வாசலில் நின்றேன். கால் தானாகவே செருப்பைக் கழற்றியது. வரவேற்க வந்த இளம் துறவி சிங்களச் சாயலுள்ள தமிழில், “பரவாயில்ல ஐயா, போட்டுக்கிட்டே வாங்க” என்றார். வந்தவரைக் கிறிஸ்துவாகவே எண்ணி ஏற்கவேண்டும் என்பது அவர்களுடைய விதி. அதை அறிந்தும் நான் வெறுங்காலோடுதான் போனேன். தேக்குத் தரை சில்லென்றிருந்தது.

நூலகத்திலும் வரவேற்பறையிலும் துரை காலத்துச் சாமான்கள் அப்படியே இருக்கின்றன. ஒரு மனுசன் உட்கார்ந்த நாற்காலியை இத்தனை காலம் இப்படிக் காப்பாற்ற முடியுமா என்று கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

இரவு தூக்கம் வரவில்லை. அமைதிக்காகத்தான் இங்கே ஆட்கள் வருகிறார்கள். எனக்கு அந்த அமைதிதான் இடறியது. இந்த மலையில் நான் அறிந்த இரவுகளில் எட்டுக் காம்பராவின் பேச்சும் பிள்ளை அழுகையும் சுவர் தாண்டி வரும் இருமலும் இருக்கும். விடியுமுன் பெரட்டுக்கு ஆள்கூட்டத் தப்படிக்கும். இங்கே பனி ஓட்டிலிருந்து சொட்டுவதுகூடக் கேட்டது.

காலையில் மடத்துக் கடையில் ஸ்ட்ராபெரி ஜாம் இரண்டு போத்தல் வாங்கிக்கொண்டு, எங்கள் லயம் இருந்த மேட்டைத் தேடி இறங்கினேன். அங்கே தேயிலை வளர்ந்து நின்றது. கானின் கல்வரிசையில் ஒரு பாகம் மட்டும் புல்லுக்குள் தட்டுப்பட்டது. நிரையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர் நிமிர்ந்து, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். பங்களாவில் பூந்தோட்டம் பார்த்தவரின் பேரன் என்றேன்.

“அந்த லயத்து ஆளுக எல்லாந்தான் இந்தியாவுக்குப் போயிட்டாங்களே” என்றார். கூடையை முதுகில் ஏற்றிக்கொண்டு, “அங்கயும் தேயிலதானாமே. கொழுந்து நல்லா வருதா தம்பி?”