வோக்கா மலையின் விருந்தினர்

நாகர் என்னும் பெயரைக் கேட்டவுடன் நம்மவர் மனம் நயினாதீவையும் மகாவம்சக் கதைகளையும் நாடிச் செல்லுதல் இயல்பே. ஆயின், இன்று நாம் காணப் புகும் நாகர் வேறு. இந்தியாவின் வடகிழக்கு மூலையிலே, அசாம் சமவெளிக்கும் மியன்மார் எல்லைக்கும் இடையே எழுந்து நிற்கும் மலைகளில் வாழும் பல குடிகளுக்குப் பொதுவாக வழங்கும் பெயர் அது. அவர்கள் பேசுவன திபெத்து-பர்மிய இனத்தைச் சேர்ந்த மொழிகள். பெயரொற்றுமை ஒன்றை மட்டும் கொண்டு அவர்களை நம் பழங்கதை நாகரோடு உறவுபடுத்துதல் பொருந்தாது.

தேசப்படத்தை விரித்துப் பார்ப்போம். 1963ஆம் ஆண்டு டிசெம்பர் 1ஆம் திகதி நாகாலாந்து இந்தியாவின் தனி மாநிலமாயிற்று. அதன் தலைநகர் கொஹிமா. அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீற்றர் மலைப்பாதையிற் சென்றால் வோக்கா என்னும் ஊரை அடையலாம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1300 மீற்றர் உயரத்தில் அமைந்த இவ்வூரே வோக்கா மாவட்டத்தின் தலைமையிடம். மாவட்டத்தின் ஊடாக டோயாங் ஆறு வளைந்து பாய்ந்து, அசாமில் தன்சிரி ஆற்றுடன் கலந்து, ஈற்றில் பிரமபுத்திராவைச் சேர்கின்றது. ஊரை அடுத்து உயர்ந்து நிற்பது தியி மலை. இறந்தோரின் ஆவிகள் இம்மலை வழியாகவே மறுவுலகம் செல்கின்றன என்பது முன்னோர் நம்பிக்கை.

இங்கு வாழ்வோர் லோத்தா நாகர். தம்மைக் கியோங் என அவர்கள் அழைத்துக்கொள்வர். வோக்கா என்னும் சொல்லுக்குத் தலைகளை எண்ணுதல் என்று பொருள் கூறுவர். 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 166,000 ஆகும்.

இவர்களது பயிர்த்தொழில் நமக்கு முற்றிலும் புதியதன்று. நம் நாட்டுச் சேனைப் பயிர்ச்செய்கையைப் போலவே, மலைச்சரிவிற் காட்டின் ஒரு பகுதியை வெட்டி எரித்து, ஓரிரு ஆண்டுகள் நெல்லும் பிறவும் விளைவித்து, பின்னர் நிலம் மீண்டும் காடாகும்படி விட்டு அகல்வர். இஞ்சியும் தோடம்பழமும் இம்மலைகளில் நன்கு விளைகின்றன. பெண்கள் இடுப்பிற் கட்டிய சிறு தறியில் அழகிய போர்வைகளை நெய்வர்.

பழைய லோத்தா ஊர்களிலே மணமாகாத இளைஞர் இரவில் ஒருங்கு தங்கும் பொது மனை ஒன்றிருந்தது. அதற்குச் சம்போ என்று பெயர். ஊர்க் காவலையும் முன்னோர் கதைகளையும் அவர்கள் கற்றது அங்கேதான். பகைவர் தலையைக் கொய்து வருதல் வீரமெனக் கருதப்பட்ட காலமும் இருந்தது. எனினும், அக்காலத்திலும் ஒருவனுக்குப் பெருமை தந்தது அவன் சேர்த்து வைத்த செல்வமன்று. முறைப்படி ஊருக்கு விருந்தளித்தவனே நெடுங்கல் நாட்டவும் சிறப்புப் போர்வை அணியவும் உரிமை பெற்றான். 1885இல் அமெரிக்கப் பப்டிஸ்ற் மிசனரியான விற்றர் வோக்காவுக்கு வந்தார். இன்று லோத்தாக்களிற் பெரும்பாலோர் கிறித்தவர்.

இம்மாவட்டத்தின் பெயரை உலகறியச் செய்தது ஒரு சிறு பறவை. அமூர் வல்லூறு என்பது அதன் பெயர். எடை ஏறத்தாழ 150 கிராம். சைபீரியாவின் தென்கிழக்கிலும் சீனாவின் வடக்கிலும் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தைத் தென் ஆபிரிக்கப் பகுதிகளிற் கழிப்பது அதன் வழக்கம். செல்லும் வழியில் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலே பெருந்திரளாக வந்து டோயாங் பள்ளத்தாக்கில் தங்கி, அப்பருவத்தில் எழும் ஈசல்களை உண்டு உடலைத் தேற்றிக்கொள்ளும். அதன்பின் இந்தியாவைக் கடந்து, அரபிக் கடலை இடையில் இறங்க இடமின்றியே தாண்டும்.

டோயாங் ஆற்றை மறித்து 75 மெகாவாட் மின்சாரம் பெறும் திட்டம் 2000ஆம் ஆண்டிற் செயற்படத் தொடங்கியது. நீர்த்தேக்கம் நிரம்பியபோது பாங்தி முதலிய ஊர்களின் வளமான தாழ்நிலங்கள் நீரில் மூழ்கின. உழுது உண்டவர் வலை வீசி மீன் பிடிக்கலாயினர். நீர்த்தேக்கக் கரையிலுள்ள மரங்களில் அந்தியிலே ஆயிரமாயிரமாக வந்தடைந்த வல்லூறுகள், நிலம் இழந்தவர் கண்ணுக்கு வருவாயாகத் தோன்றியதில் வியப்பில்லை. அதே மீன்வலைகளை மரங்களுக்கிடையே கட்டினர். 2012ஆம் ஆண்டு ஒரே பருவத்தில் ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட பறவைகள் கொல்லப்பட்டன என்று மதிப்பிடப்பட்டது. பத்திரிகையாளர் பானோ ஹராலுவும் அவர்தம் தோழர்களும் எடுத்த படங்கள் வெளியானபோது உலகமே திடுக்குற்றது.

மாணவ நேயர்கள் கவனிக்கவேண்டியது அடுத்து நிகழ்ந்ததையே. சட்டம் முன்னரே இருந்தது. அது வலையைத் தடுக்கவில்லை. ஊர் மன்றத்தாரும் திருச்சபையாரும் பறவை பிடித்தோரும் கூடிப் பேசினர். இனி வலை கட்டுவதில்லை என்று தாமே முடிவு செய்தனர். 2013ஆம் ஆண்டுப் பருவத்தில் அங்கு வல்லூறுகள் வலையில் மாயவில்லை. வேட்டையாடியவரே காவலராயினர். அவ்வாண்டு நவம்பரில் மூன்று பறவைகளின் முதுகிற் செய்மதிக் கருவி பொருத்தி, நாகா, வோக்கா, பாங்தி எனப் பெயரிட்டு விட்டனர். கொலைக்களம் என இகழப்பட்ட ஊரின் பெயர் ஒரு பறவையுடன் கடல் கடந்தது.

இதனைத் தூர இருந்து மெச்சுதல் எளிது. ஆனால், அம்முடிவின் விலையைக் கொடுத்தவர் யார்? மின்சாரத்துக்காக நிலத்தை இழந்தவர்களே, பறவைக்காக வருவாயையும் விட்டனர். அவர்களது வாழ்வுக்கு மாற்றுவழி காணும் பொறுப்பு, அப்பறவையைக் கண்டு மகிழும் எல்லோருக்கும் உரியது.

லோத்தாக்களின் அறுவடைத் திருவிழா தோக்கு இமோங். நவம்பர் 7ஆம் நாளையொட்டி அது கொண்டாடப்படுகின்றது. பழைய பிணக்குகளை மறத்தல் அப்போது கடமை. விழாத் தொடங்கும் வேளையில் ஊரில் அயலார் எவரேனும் இருப்பின், கதிரவன் மறையுமுன் வெளியேறிவிட வேண்டும். இன்றேல் விழா முடியும்வரை ஊராரின் விருந்தினராய்த் தங்கவேண்டும் என்பது பழைய முறை. வல்லூறுகள் டோயாங் கரை மரங்களில் அடையும் பருவமும் அதுவே. அந்தி சாய்ந்த பின்னரும் அகலாது தங்கும் அந்த அயலாரும் இன்று அவ்வூரின் விருந்தினரே.