அரசாணைக்குத் தப்பிய மரங்கள்

ஜப்பானின் வகயாமா மாகாணத்தில் குமனோ மலைகளுக்கு நடுவே நோனாகா என்றொரு சிற்றூர். சாலையை ஒட்டிச் செங்குத்தாக ஏறும் கற்படிகளின் உச்சியில் சுகிசகுரா ஓஜி என்ற சின்னஞ்சிறு ஷின்டோ கோயில் இருக்கிறது. கோயிலைப் பார்க்க வருகிறவர்களின் கண் முதலில் கோயிலுக்குப் போவதில்லை. படிகளின் இரு மருங்கிலும் வளர்ந்து நிற்கும் சுகி மரங்கள் அப்படி. ஊசியிலை, செம்பழுப்புப் பட்டை, நார்நாராக உரியும் மேல்தோல். பெரிய மரத்தின் அடிச்சுற்று ஏறக்குறைய 8 மீட்டர். ஒன்றின் வேரடியில் ஆள் உள்ளே போய் நிமிர்ந்து நிற்கும் அளவுக்குப் பொந்து விழுந்திருக்கிறது. வயது 800 இருக்கும் என்று கணிக்கிறார்கள்.

இந்த மரங்களுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. கிளைகள் எல்லாம் தெற்கே மட்டும் நீண்டிருக்கின்றன. மலைப்பக்கம் மொட்டையாக இருக்கிறது. தெற்கே நாச்சி அருவியும் அதன் தெய்வமும் இருப்பதால் மரங்கள் அத்திசை நோக்கிக் கும்பிடுகின்றன என்பது ஊர்க்காரர்களின் நம்பிக்கை. சரிவில் வெளிச்சம் தெற்கிலிருந்து வருகிறது என்பது தாவரவியல் சொல்லும் காரணம். இரண்டும் ஒரே மரத்தைப் பற்றிய உண்மைகள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இது குமனோவுக்கு யாத்திரை போகும் பழைய வழி. 1201-இல் அரியணை துறந்த பேரரசர் கோ-தொபா இவ்வழியே போனபோது கூடச் சென்ற கவிஞர் புஜிவாரா நோ தெய்கா எழுதிய நாட்குறிப்பு இன்றும் கிடைக்கிறது. மரங்களின் வயதுக் கணக்கு சரியென்றால், அந்தக் காலத்தை ஒட்டித்தான் இவை கன்றுகளாக நின்றிருக்கும். யாத்திரை வழிகள் 2004-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. வெளிநாட்டுப் பயணிகள் முதுகுப்பையோடு வந்து, இந்த மரங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இவை ஏன் இவ்வளவு குறைவாக, பத்துக்கும் குறைவாக நிற்கின்றன என்று கேட்கிறவர்கள் சிலரே.

மற்றவற்றை வெட்டிவிட்டார்கள்.

1906-இல் ஜப்பானிய அரசு கோயில் இணைப்புக் கொள்கையைக் கொண்டுவந்தது. ஒரு கிராமத்துக்கு ஒரு கோயில் போதும், மற்றவற்றை அதோடு சேர்த்துவிடுங்கள் என்பது அதன் சாரம். மிஞ்சும் கோயில்களுக்கு வருமானமும் கௌரவமும் சேரும், மக்களின் பக்தியை அரசின் பக்கம் திருப்புவதும் எளிது என்று உள்துறை கணக்குப் போட்டது. நாட்டில் அப்போது ஏறக்குறைய 1,90,000 கோயில்கள் இருந்தன. சில ஆண்டுகளில் 70,000-க்கு மேல் மறைந்தன. அடி பலமாக விழுந்தது மியே, வகயாமா மாகாணங்களில்.

கோயிலை இணைப்பது காகித வேலை. ஆனால் தெய்வம் இடம் மாறியதும் பின்னால் இருந்த காடு வெறும் மரமாகிவிட்டது. பல நூற்றாண்டுகளாக அந்தக் காட்டில் கோடரி படவில்லை. வைக்கோல் புரியை அடிமரத்தில் சுற்றி, மடித்த வெள்ளைக் காகிதம் தொங்கவிட்டிருந்தால் அது தெய்வம் இறங்கிய மரம். விறகுக்குக்கூட யாரும் தொடமாட்டார்கள். அந்தப் புரியை அவிழ்த்த பிறகு கற்பூர மரத்துக்கும் சுகிக்கும் நல்ல விலை கிடைத்தது. மர வியாபாரிகள் வந்தார்கள். உள்ளூர் அதிகாரிகளில் சிலர் அவர்களோடு கைகோத்தார்கள்.

இதைத் தட்டிக்கேட்க எழுந்தவர் மினகதா குமகுசு. 1867-இல் வகயாமாவில் பிறந்தவர். அமெரிக்காவிலும் லண்டனிலும் பல ஆண்டுகள் இருந்து, பிரிட்டிஷ் மியூசியத்தில் படித்து, ‘நேச்சர்’ இதழில் கட்டுரைகள் எழுதியவர். 1900-இல் ஊர் திரும்பி, நாச்சிக் காட்டில் அலைந்துவிட்டு, கடலோர ஊரான தனபேயில் குடியேறினார். சளிப்பூஞ்சைகள் என்ற நுண்ணிய உயிர்கள்தான் அவருடைய ஆய்வுப்பொருள். அழுகும் மரக்கட்டையிலும் ஈர இலையிலும் வாழ்கிற அவற்றைத் தேட முதிர்ந்த காடு வேண்டும். தனபே அருகே சருகாமி என்ற சிறு கோயிலின் தோப்பில் அவர் சளிப்பூஞ்சை சேகரித்திருந்தார். கொஞ்ச காலத்தில் அந்தத் தோப்பே இல்லாமல் போனது. அவரைக் கொதிக்கவைத்தது இது.

ஆனால் ஆய்வுக்களம் பறிபோன கோபம் மட்டும் என்று இதைச் சுருக்க முடியாது. வகயாமாவில் புஜிஷிரோ கோயிலில் ஒரு பெரிய கற்பூர மரத்தைத் தெய்வமாகவே வணங்குகிறார்கள். அந்த வட்டாரத்தில் பிள்ளைகளுக்கு அந்த மரத்தின் பெயரைச் சேர்த்து வைப்பது வழக்கமாக இருந்தது. ‘குமகுசு’வில் உள்ள ‘குசு’ கற்பூர மரம்தான். நாலு வயதில் நோய் முற்றிக் கிடந்தபோது வீட்டார் தன்னை அந்த மரத்தடிக்குத் தூக்கிப்போய் வேண்டிக்கொண்டதை அவரே எழுதியிருக்கிறார். மரத்துக்கு நேர்ந்துவிட்ட பிள்ளை மரத்துக்காகப் பேசியது.

பேசியதோடு நிற்கவில்லை. 1910 ஆகஸ்டில் தனபேயில் கோயில் இணைப்பை முன்னெடுத்த அதிகாரி வந்திருந்த கூட்டத்துக்குள் புகுந்து ரகளை செய்து, 18 நாள் காவலில் கிடந்தார். மறு ஆண்டு தோக்கியோ பல்கலைக்கழகத் தாவரவியலாளர் மாட்சுமுரா ஜின்சோவுக்கு அவர் எழுதிய இரண்டு நீண்ட கடிதங்களை, அப்போது அரசு அதிகாரியாக இருந்த நாட்டாரியல் அறிஞர் யானகிதா குனியோ அச்சிட்டு, செல்வாக்குள்ளவர்களுக்கு அனுப்பினார். வகயாமா ஆளுநருக்கு எழுதிய கடிதத்தில் குமகுசு ‘எக்காலஜி’ என்ற சொல்லையே கையாண்டார். 1911-இல்! தோப்பு போனால் பறவை போகும், பறவை போனால் பூச்சி பெருகிப் பயிரைத் தின்னும் என்று வாதிட்டார். கடலோர மரநிழல் போனால் மீன் கரையை அண்டாது என்றார். கூடவே, திருவிழா கூடும் இடம் போனால் ஊர் ஒற்றுமையும் போகும் என்றார். அதிகாரிகளுக்கு எதிரே வைப்பதற்கு இதைவிட வலுவான வாதம் இன்றைக்கும் நம்மிடம் இல்லை.

எல்லாப் போராட்டத்திலும் அவர் ஜெயிக்கவில்லை. தன் தந்தையின் பூர்விக ஊரில் இருந்த ஓயாமா கோயிலுக்காகப் பல ஆண்டு மன்றாடியும், 1913-இல் அதை இணைத்துவிட்டார்கள். நோனாகாவிலும் தோப்பு முழுதாகத் தப்பவில்லை. இன்று படிகளின் இரு மருங்கிலும் நிற்பவை அவரும் மற்றவர்களும் பாடுபட்டு மீட்டவை.

1919-இல் ஜப்பான் வரலாற்றுச் சின்னங்களையும் இயற்கை நினைவுச்சின்னங்களையும் காக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதற்கடுத்த ஆண்டு நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் அவை கோயில் இணைப்பைத் தொடரக்கூடாது எனத் தீர்மானித்தது. இத்தகைய பாதுகாப்பு பெற்ற மரங்களில் ஒன்றான, ககோஷிமாவில் உள்ள கமோ ஹச்சிமான் கோயிலின் கற்பூர மரம் 24 மீட்டருக்கு மேல் சுற்றளவு கொண்டது. நாட்டிலேயே மிகப் பருத்த மரம் என 1988-இல் அரசுக் கணக்கெடுப்பு சொன்னது. 1952 முதல் அது சிறப்பு இயற்கை நினைவுச்சின்னம். அந்தஸ்து கோடரியைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. காமகுராவில் சுருகவோகா ஹச்சிமான் கோயிலின் படியோரம் நின்ற, மாகாண அரசின் பாதுகாப்பில் இருந்த பெரிய கிங்கோ மரம் 2010 மார்ச் 10 விடியற்காலையில் வேரோடு சாய்ந்தது. 1219-இல் ஷோகுன் சனெதொமோவைக் கொன்றவன் அதன் பின்னால்தான் பதுங்கியிருந்தான் என்று கதை. கோயிலார் அடிமரத்தை 4 மீட்டர் உயரத்தில் அறுத்துப் பக்கத்திலேயே நட்டார்கள். பழைய வேரிலிருந்தும் துளிர் வந்தது.

தப்பிய தோப்புகள் பிறகு ஒரு பெரிய வேலைக்குப் பயன்பட்டன. மனிதன் கைவைக்காவிட்டால் ஒரு நிலத்தில் இயல்பாக எந்த மரம் வளரும் என்று தேடிய தாவரவியலாளர் அகிரா மியாவாகி, விடையைக் கண்டது கோயில் தோப்புகளில். வெளியே எங்கும் மனிதர் நட்ட சுகியும் பைனும் இருக்க, அங்கே மட்டும் ஓக் இன மரங்களும் தபு என்ற மரமும் தாமாக நின்றன. அதைப் பார்த்து அவர் வகுத்த நெருக்க நடவு முறையைத்தான் பின்னர் சென்னை மாநகராட்சி கோட்டூர்புரம் போன்ற இடங்களில் கையாண்டது. நம் ஊரில் ‘மியாவாகி காடு’ என்றதும் அடர்த்தியாக நட வேண்டும் என்பதைப் பிடித்துக்கொள்கிறோம். அவர் முதலில் செய்த காரியம் அந்த மண்ணின் பழைய தோப்புக்குப் போய், அங்கே நிற்கும் மரங்களின் பெயரை எழுதிக்கொண்டதுதான். அப்படிப்பட்ட தோப்புகளில் மரம் நிற்க வேண்டும் என்பதற்காக ஒருவர் 18 நாள் காவலில் இருந்திருக்கிறார்.