காப்பிப் பூவும் நீர்வண்ணமும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், தாவரவியல்)

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் நாட்டுப் பழமொழி. உடல்நலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பெரியோர் இதனை எடுத்துக்காட்டுவர். ஆனால் இப்பழமொழியை அதன் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டால், ஓவியம் பழக விரும்பும் வசதியற்ற மாணவனுக்கு இதைவிடச் சிறந்த அறிவுரை வேறில்லை என்பேன். நீர்வண்ண ஓவியத்துக்குச் சுவர் எது? தாள்தான். வண்ணப் பெட்டி எத்தனை பெரியதாக இருந்தாலும் தாள் சரியில்லையேல் அத்தனையும் வீண். கையில் இருப்பது நூறு ரூபாய் என்றால், அதில் பெரும்பகுதியைத் தாளுக்கே கொடுக்க வேண்டும். இரண்டாண்டுப் பழக்கத்தில் நான் தெளிந்த உண்மை இது.

நான் சேர்வராயன் மலையில் தலைச்சோலையைச் சேர்ந்தவன். என் தந்தையார் சில்வர் ஓக் மரங்களில் ஏணி சாத்தி மிளகு பறிப்பவர். தாயார் காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் பழம் எடுப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். வார நாள்களில் சேலத்தில் விடுதி; சனிக்கிழமை பிற்பகல் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலைக்கு.

தாவரவியல் மாணவனுக்குப் படம் வரைதல் பொழுதுபோக்கு அன்று. ரெக்கார்டு நோட்டில் பென்சிலால் வரைந்து பாகம் குறிக்காத வாரமே கிடையாது. அந்தப் பென்சில் படங்களுக்கு வண்ணமும் சேர்ந்தால் எப்படியிருக்கும் என்ற ஆசையே என்னை நீர்வண்ணத்தின் பக்கம் இழுத்தது. ஆசிரியர் வைத்துப் பயில வழியில்லை. ஆகவே, வகுப்பில் நமக்குக் கற்பிக்கும் வழியிலேயே போனேன்: சோதித்துப் பார்ப்பது, குறித்து வைப்பது, பிறகு முடிவுக்கு வருவது.

முதற் சோதனை தாளைப் பற்றியது. ரெக்கார்டு நோட்டுத் தாள், கடையில் கிடைக்கும் சாதாரண டிராயிங் ஷீட், பருத்தியால் செய்த 300 ஜி.எஸ்.எம். நீர்வண்ணத் தாள் ஆகிய மூன்றிலும் ஒரே காப்பி இலையை, ஒரே வண்ணத்தால், மூன்று பூச்சாகத் தீட்டினேன். முதல் தாள் முதற் பூச்சிலேயே அப்பளம்போல் நெளிந்தது. இரண்டாவது தாள் இரண்டாம் பூச்சில் மேல்நார் பிரிந்து பொடிப்பொடியாக உருண்டது. மூன்றாவது தாளோ மூன்று பூச்சையும் தாங்கிற்று; அதற்குப் பிறகும் ஈரத் தூரிகையால் ஒத்தி எடுத்தபோது வேண்டிய இடத்தில் வண்ணம் மேலெழுந்து வந்தது.

இதன் காரணம் எளிது. ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராம் கணக்கில். எடை கூடினால் நெளிவு குறையும். பருத்தி நார் மரக்கூழ் நாரைவிட நீளமானது. ஈரத்தில் எளிதில் குலையாது. இவற்றோடு தாளுக்கு ஊட்டப்படும் பசையும் உண்டு. அந்தப் பசைதான் தண்ணீரை உடனே உறிஞ்சவிடாமல் மேலேயே சிறிது நேரம் நிறுத்தி வைக்கிறது. பசை ஊட்டாத கைத்தாள் அழகாக இருக்கும். ஆனால் வண்ணத்தை மையொற்றும் தாள்போல் குடித்துவிடும். கைத்தாள் வாங்குவோர் ஓரத்தில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்ப்பது நன்று. சொட்டு முத்தாக நின்றால் வாங்கலாம். உடனே பரவி மறைந்தால் அது கடிதம் எழுதவே ஏற்றது. தாளின் மேற்பரப்பிலும் வேறுபாடு உண்டு. சொரசொரப்பானது இயற்கைக் காட்சிக்கு உகந்தது. வழவழப்பானது நம்மைப்போல் நரம்பும் மயிரும் துல்லியமாக வரைவோர்க்கு உகந்தது.

இரண்டாவது செலவு தூரிகைக்கு. ஆறேழு தூரிகை அடங்கிய கட்டு மலிவாகக் கிடைக்கும். அதை விடுத்து, 8ஆம் எண் உருண்டைத் தூரிகை ஒன்றே ஒன்று, ஆனால் நல்லதாக வாங்குவது மேல். நீரில் நனைத்து ஒரு முறை உதறினால் அதன் முனை ஊசிபோல் கூட வேண்டும். அப்படிக் கூடும் தூரிகை, வயிற்றால் இலைப்பரப்பையும் முனையால் நரம்பையும் எழுதிவிடும். செயற்கை இழைத் தூரிகையே நமக்குப் போதும். ஒன்றை மட்டும் நினைவூட்ட விரும்புகிறேன். கீரி முடியால் செய்த தூரிகையை யாரேனும் விற்க முன்வந்தால் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கீரி காக்கப்பட்ட விலங்கு. அந்த முடிக்காக உயிருள்ள கீரிகள் கொல்லப்படுகின்றன. உயிர்களைப் படிக்கும் நாம் ஓர் உயிரின் விலையில் பூ வரைவது பொருந்துமா?

மூன்றாவதுதான் வண்ணம். நீர்வண்ணம் என்பது நிறப்பொடியைப் பிசினில் குழைத்ததே. அந்தப் பிசின் நம் ஊர்க் கருவேலத்துக்கு உறவான ஓர் ஆப்பிரிக்க மரத்தினுடையது. இருபத்துநான்கு வில்லைகள் உள்ள பெட்டி கண்ணைப் பறிக்கும். ஆயினும் எலுமிச்சை மஞ்சள், அல்ட்ராமரின் நீலம், ஒரு ரோசா சிவப்பு, பர்ன்ட் சியன்னா என்னும் செம்மண் நிறம் ஆகிய நான்கே போதும். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை. அதில் செம்மண் நிறம் ஒரு துளி பட்டால் அதுவே காப்பி இலையின் ஆழ்ந்த பச்சை. நீலமும் செம்மண்ணும் சேர்ந்தால் எங்கள் மலை மூடுபனியின் சாம்பல் நிறம்.

வண்ணம் நிற்குமா, வெளுக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். வண்ணங்களை வரிசையாகத் தாள் துண்டில் பூசி, பாதியை அட்டையால் மூடி, வெயில் விழும் சன்னலில் மூன்று மாதம் ஒட்டி வைத்தேன். அட்டையை எடுத்தபோது நீலமும் செம்மண் நிறமும் அப்படியே இருந்தன. மலிவான சிவப்பு ஒன்று பாதிக்கு மேல் வெளுத்திருந்தது. இந்தச் சோதனைக்குச் செலவு ஒன்றுமில்லை. பொறுமை மட்டுமே வேண்டும். மற்றவை நம் வீட்டிலேயே உண்டு: வண்ணம் குழைக்க வெள்ளைப் பீங்கான் தட்டு, கழுவ ஒன்றும் கலக்க ஒன்றுமாக இரண்டு தம்ளர் தண்ணீர், ஒத்தியெடுக்கப் பழைய வேட்டித் துணி.

பொருள் சேர்ந்தால் கை வந்துவிடுமா? வராது. சேலத்தில் கடைப் பெயர்ப்பலகை எழுதும் ஓர் அண்ணனிடம் சில மாலைகள் போய் நின்றேன். அச்சடித்த பேனர்கள் வந்தபின் அவருக்கு வேலை குறைந்துவிட்டது. கை மட்டும் குறையவில்லை. "தம்பி, பிரஷ்ஷை அழுத்தாதே, அதுவா போகட்டும். தண்ணி எங்கே நிக்குதுன்னு மட்டும் பாரு" என்றார். நீர்வண்ணக் கலை முழுவதும் இந்த இரண்டு வாக்கியத்தில் அடக்கம் எனலாம். ஒரு மாதம் ஒரே நிறத்தில் இலை மட்டும் எழுதினேன். சமமாகப் பூசுதல், மேலிருந்து கீழாக நிறத்தை மெலியவிடுதல், ஈரத்தின்மேல் ஈரம் வைத்தல், காய்ந்தபின் மேற்பூச்சு வைத்தல் என்று ஒவ்வொரு வாரமும் ஒரு பயிற்சி. சேலத்தின் சித்திரை வெயிலில் பூச்சு கண்மூடித் திறப்பதற்குள் காய்ந்து ஓரம் கட்டிவிடும். மலையில் மூடுபனி இறங்கினால் அதே பூச்சு காய நெடுநேரம் ஆகும். எந்த ஊரில் எவ்வளவு நீர் எடுப்பது என்பதை இவ்விரு ஊர்களும் எனக்குக் கற்பித்தன.

இந்நிலையில் எங்கள் பேராசிரியர் ஒருவர், துறைச் சுவரில் மாட்ட மலைத் தாவரம் ஒன்றின் வண்ணப்படம் எழுதித் தருமாறு பணித்தார். காப்பியைத் தேர்ந்தெடுத்தேன். 1820களில் சேலத்து ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில் எங்கள் மலைக்கு வந்த செடி அது. வெளிநாட்டுச் செடிதான், ஆனால் இன்று எங்களுக்குச் சோறு போடுவது அதுவே.

காப்பிப் பூ காத்திருக்காது. கோடை மழை பெய்த எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுதும் ஒரே சமயத்தில் வெண்மையாகப் பூத்து, மல்லிகைபோல் மணந்து, இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். அந்தச் சனிக்கிழமை தாளும் தட்டுமாகத் தோட்டத்தில் போய் அமர்ந்தேன். அம்மா அருகில் வந்து நான் பார்த்துக்கொண்டிருந்த கிளையைத் தொட்டார்.

"கண்ணு, இந்தக் கணுவுல போன வருசமே காச்சாச்சு. இனி இதுல பூக்காது. அந்தப் பக்கம் புதுக் கணுவைப் பாரு" என்றார். பிறகு தளிரைக் காட்டி, "தளிரு செவப்பா இருந்தா ஒரு சாதி, பச்சையா இருந்தா வேற சாதி. நீ எந்தச் செடியை எழுதறே?" என்று கேட்டார்.

நான் திகைத்துப்போனேன். காப்பிச் செடியின் கணு ஒரு முறைதான் காய்க்கும் என்பதும், அரபிக்காவின் டிப்பிகா வகைக்கு வெண்கல நிறத் தளிர், போர்பன் வகைக்குப் பச்சைத் தளிர் என்பதும் நூலில் உள்ள செய்திகள். பள்ளிக்கூடம் போகாத என் தாய்க்கு அவை விரலில் இருந்தன. கிளையை அவரே தேர்ந்து கொடுத்தார். எதிரெதிராக அமைந்த இலைகளையும், காம்புகளுக்கு இடையே உள்ள இலையடிச் செதிலையும், ஐந்து இதழ்களையும், பிளவுபட்ட சூல்முடியையும் நான் எழுதினேன்.

வெள்ளைத் தாளில் வெள்ளைப் பூவை எப்படி எழுதுவது? நீர்வண்ணத்தில் வெண்மைக்குத் தனி வண்ணம் தேவையில்லை. தாளின் வெண்மையே பூவின் வெண்மை. பூ இருக்கும் இடத்தைத் தொடாமல் விட்டு, பின்னால் உள்ள இலைகளை ஆழ்ந்த பச்சையாக்கினால் பூ தானே மலர்ந்துவிடும். இதழின் நிழலுக்கு மெல்லிய சாம்பல் ஒரு கீற்று, அவ்வளவே. நான் தாளுக்குச் செய்த செலவு அன்றுதான் முழுதாக விளங்கிற்று.

பூவின் படத்தருகே இடம் விட்டுவைத்து, மார்கழியில் சிவந்த பழங்களையும் அதே தாளில் சேர்த்தேன். கைப்பேசியில் ஒரு நொடியில் எடுப்பதற்கு இத்தனை பாடா என்று நண்பர்கள் கேட்டதுண்டு. கைப்பேசி கண்ட நொடியைப் பிடிக்கும். சித்திரைப் பூவையும் மார்கழிப் பழத்தையும் ஒரே கிளையில் சேர்த்து, வேண்டாததை விலக்கி, வேண்டியதைத் தெளிவாக்கிக் காட்டுவது கையால் எழுதிய படமே. அதனால்தான் ஒளிப்படம் பெருகிய இக்காலத்திலும் தாவரவியல் நூல்களில் கைப்படங்கள் இடம்பெறுகின்றன.

இத்துறையில் நமக்கு முன்னோர் உண்டு. ராபர்ட் வைட் (1796–1872) என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியில் தென்னாட்டுக்கு வந்து, தாவரவியலில் பெரும்புகழ் பெற்றார். நமக்கு அடுத்த கோயம்புத்தூரில் பருத்தி ஆராய்ச்சிக்காகப் பல ஆண்டுகள் தங்கியவர். 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட ஆறு தொகுதி நூலில் ஈராயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் உள்ளன. அவருக்காகப் படம் எழுதியவர்களுள் தலைசிறந்தவர்கள் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து என்னும் இரு தென்னாட்டு ஓவியர்கள். வெளிநாட்டார் பலர் நம் ஓவியர்களின் பெயரைக் குறிக்காமலே படத்தை எடுத்துக்கொண்ட காலம் அது. வைட் அவ்வாறு செய்யவில்லை. படத்தின் அடியில் எழுதியவர் பெயர் அச்சாயிற்று. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் 'கோவிந்தூயியா' என்றே அவர் பெயரிட்டார். வகைப்பாட்டு மாற்றத்தால் இன்று அது டிராப்பிடியா என்ற பேரினத்தில் அடங்கிவிட்டது. ஆயினும் கோவிந்து என்ற பெயர் தாவரவியல் ஏடுகளில் நின்றுவிட்டது. அவர்களுடைய மூலப்படங்கள் பல எடின்பரோ அரச தாவரவியல் தோட்டத்தில் காக்கப்படுகின்றன. ஹென்றி நோல்ட்டி என்ற அறிஞர் 2007இல் வெளியிட்ட நூல் அவ்விருவரையும் உலகுக்கு மீண்டும் நினைவூட்டியது.

அடியில் பெயர் எழுதுவது சிறு செயல்தான். ஆனால் அந்தச் சிறு செயல் இல்லையேல் அவ்விருவரும் இன்று நமக்கு யாரோ. இதை எண்ணியே, காப்பிப் படத்தை முடித்தபின் அடியில் தாவரப் பெயர், ஊர், திங்கள் ஆகியவற்றை எழுதி, இரண்டு வரிகள் சேர்த்தேன். 'வரைந்தவர்' என்று என் பெயர். 'செடியை விளக்கியவர்' என்று என் தாயின் பெயர். பேராசிரியர் படித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஆணி அடிக்கச் சொன்னார். இப்போது அது நம் துறையின் நடைவழியில் தொங்குகிறது.

நம் வகுப்புகளில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மரவள்ளி பயிரிடுவோர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வெள்ளிக் கொலுசுப் பட்டறையிலிருந்து வருபவர்கள் இருக்கிறார்கள். அவரவர் வீட்டில் நூலில் ஏறாத அறிவு எவ்வளவோ இருக்கும். அதைக் கேட்டு எழுத ஒரு தாளும் ஒரு தூரிகையும் போதும். தாள் விலை மிகுதியே என்று தயங்க வேண்டாம். 56க்கு 76 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு முழுத்தாளை அகலத்தில் இரண்டாகவும் நீளத்தில் நான்காகவும் வெட்டினால், 28க்கு 19 அளவில் எட்டுத் துண்டுகள் கிடைக்கும். ஓர் இலைக்கும் ஒரு பூங்கொத்துக்கும் அந்த இடம் தாராளம். எட்டுப் பேர் சேர்ந்தால் ஆளுக்கு எட்டில் ஒரு பங்கு செலவு. ஏழு பேர் வாருங்கள். எட்டாவது பங்கு என்னுடையது.