சேப்பாக்கம் நூலகமும் பாரதியின் எண்ணும்!

எம்.ஏ. சேர்ந்த முதல் மாதம். கம்ப்யூட்டரில் தேடினால் 'புத்தகம் இருக்கிறது' என்று காட்டுகிறது. எண்ணைச் சீட்டில் குறித்துக்கொண்டு அலமாரிகளுக்கு நடுவே போய் நின்றால், டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு போல முழிக்க வைக்கிறது அந்த எண். யாரிடமாவது கேட்கவும் கூச்சம். பல்கலைக்கழக நூலகங்களில், குறிப்பாக வீட்டின் முதல் பட்டதாரிகள், வெறுங்கையோடு திரும்புவது இந்த இடத்தில்தான்.

இதற்கு விடை சொல்ல மெரினாவுக்கு எதிரே ஒரு கட்டடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்தில் 1936-ல் திறக்கப்பட்ட நூலகம் அது. கூப்பிடு தூரத்தில் மாநிலக் கல்லூரி. அங்கே கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்த சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன், 1924-ல் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். வந்த சில நாள்களிலேயே அலுப்பு தட்டி, பழையபடி பாடம் நடத்தவே போய்விடுகிறேன் என்றாராம். பயிற்சிக்காக லண்டன் போனதும் ஆளே மாறிவிட்டார்.

லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ பொம்மை செட்டைப் பார்த்தார். அதே துண்டுகள், அதே திருகுகள்... சேர்க்கும் விதத்தை மாற்றினால் வேறு வேறு பொம்மைகள். புத்தகத்தின் எண்ணையும் இப்படித் துண்டு துண்டாகச் சேர்த்தால் என்ன? அந்த யோசனைதான் 1933-ல் 'கோலன் வகைப்பாடு' என்ற நூலாக வெளிவந்தது.

பாரதியார் கவிதைகளையே எடுத்துக்கொள்வோம். அவர் முறைப்படி எண் இப்படிப் போகும்: ஓ 31,1 எம் 82. முதலில் இருப்பது ஆங்கில எழுத்து ஓ (பூஜ்யம் என்று நினைத்தால் தேடல் அங்கேயே முடிந்தது!). அது இலக்கியத்தைக் குறிக்கிறது. 31 என்றால் தமிழ். 1, கவிதை. 'எம்' என்பது 1800-களைக் குறிக்கும் எழுத்து. ஆக, எம் 82 என்றால் 1882, பாரதி பிறந்த ஆண்டு! நாவல் என்றால் 1-க்குப் பதில் 3. 1899-ல் பிறந்த கல்கியின் நாவல்களுக்கு ஓ 31,3 எம் 99. பாரதி பற்றிய ஆய்வு நூல்களும் இதே எண்ணின் வாலில் ஒட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கும். ஒன்றைத் தேடிப் போனவர் ஐந்தோடு திரும்பலாம்.

பெரும்பாலான கல்லூரி நூலகங்களில் இருப்பது அமெரிக்கரான டியூயியின் முறை. அதில் ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு இலக்கியங்களுக்குத் தனித்தனி வரிசை. தமிழோ, 'இதர மொழிகள்' என்ற 890-க்குள் ஒதுங்கி, 894.811 ஆகிறது. ரங்கநாதன் கணக்கில் ஆங்கிலத்துக்கு 111, தமிழுக்கு 31. நம் எண்தான் சின்னது!

எண்ணைப் படிக்கத் தெரிந்தாலும் அலமாரி அருகே போக முடியாவிட்டால் பயனில்லையே? கவுன்ட்டரில் கேட்டு வாங்கும் பழக்கத்தை மாற்றி, வாசகர்களை அலமாரி வரை விட்டவரும் ரங்கநாதன்தான். புத்தகம் காணாமல் போகாதா என்ற பயம் நூலகர்களுக்கு இல்லாமல் இருக்குமா? ஆனால், திருட்டைவிட நுணுக்கமான தொல்லை ஒன்று இருக்கிறது. எடுத்துப் பார்த்த புத்தகத்தை நல்லெண்ணத்தோடு வேறு வரிசையில் செருகிவிடுவது. 'இருக்கிறது' என்று கம்ப்யூட்டர் சொல்லிக்கொண்டே இருக்கும். அடுத்து தேடி வருபவருக்கோ புத்தகம் கிடைக்காது. ஊழியர் ஒருவர் வரிசை வரிசையாக எண்களைப் படித்துக்கொண்டே வந்து கண்டுபிடிக்கும்வரை அது தொலைந்த புத்தகம்தான். அதற்குள் தேர்வே முடிந்திருக்கலாம்.

அதனால்தான் பல நூலகங்களில், படித்த புத்தகத்தை மேஜையிலேயே விட்டுவிடுங்கள் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். சீட்டோடு வந்து எண் புரியாமல் நிற்பவர்கள் தாராளமாக ஊழியரிடம் கேட்கலாம். வாசகரைப் புத்தகம் வரை கூட்டிப்போவதும் நூலகரின் வேலை என்று அந்தக் கணக்கு வாத்தியார் அப்போதே எழுதி வைத்திருக்கிறார்.