உணர்விழந்த பாதம்

வலியும் ஒரு காவலன் என்பதை என் தந்தையாரின் பாதம் கற்பித்தது.

சிரம்பானை அடுத்த தோட்டமொன்றில் நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர் அவர். ஒருநாள் செருப்பைத் துளைத்த ஆணி அவருடைய வலப் பாதத்திலும் ஏறியிருந்தது. அவர் அறியவில்லை. வாசற்படியில் இரத்தச் சுவட்டைக் கண்ட அம்மாதான் அலறினார்.

“முதலில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது, பிறகு எரிந்தது, அப்புறம் மரத்துவிட்டது. வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டேன்” என்றார் அப்பா.

மருத்துவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். இனிப்பு நீர் எத்தனை ஆண்டுகளாக? மதுப் பழக்கம் உண்டா? உணர்ச்சியற்ற தேமல் உண்டா? உணவு என்ன? நீரிழிவு, மது, தொழுநோய், உயிர்ச்சத்துக் குறைவு, சில நஞ்சுகள் ஆகிய யாவும் கைகால் நரம்புகளைக் கெடுக்க வல்லவை என்றார். அப்பாவைக் கெடுத்தது பத்தாண்டுகளாகக் கவனியாத நீரிழிவு. இரண்டு விரல்கள் போயின, கால் தப்பியது.

உணவைப் பற்றிய கேள்வி மட்டும் என் நெஞ்சில் தங்கியது. கால் நரம்புகளைத் தாக்கும் பெரிபெரி நோய் ஒரு காலத்தில் இம்மண்ணில் பலரை மாய்த்தது. தீட்டிய வெள்ளரிசி உண்டோரை வாட்டிய அந்நோய், புழுங்கலரிசி உண்ட தமிழரிடம் அரிதாயிருந்ததை நெகிரி செம்பிலான் அரசு மருத்துவர் பிராடன் கண்டு, 1907இல் நூலாக எழுதினார். அதே ஆண்டில் பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இரு ஆய்வாளர்கள், இம்மாநிலக் காட்டில் சாலை அமைத்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரை இரு பிரிவாக்கிச் சோதித்தனர். வெள்ளரிசி உண்டோரிடம் நோய் தோன்றியது. புழுங்கலரிசி உண்டோர் தப்பினர். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று.

என் பாட்டி இவற்றுள் ஒன்றும் அறியாதவர். “பச்சரிசி பொங்கலுக்கு, புழுங்கலரிசி உழைப்புக்கு” என்பார். அவர் உலைப்பானை ஒரு தலைமுறையின் கால்களைக் காத்தது.

ஆனால், அந்தக் காவல் நீரிழிவுக்குச் செல்லாது. மும்முறை சோறும், கெட்டிப்பால் கலந்த தேநீரும், “நமக்கொன்றும் இல்லை” என்ற அலட்சியமும் சேர்ந்தால் எந்த அரிசி என்ன செய்யும்?

இன்று அம்மா இரவுதோறும் விளக்கருகே அமர்ந்து, அப்பாவின் பாதங்களை விரல் விரலாகத் தடவிப் பார்க்கிறார். அப்பாவின் நரம்புகள் மறந்த வேலையை அம்மாவின் கைகள் ஏற்றுக்கொண்டுள்ளன.

மாணவர்களே, இன்று வீடு திரும்பியதும் பெரியவர்களிடம் ஒன்று கேளுங்கள்: “உங்கள் கால் மரத்துப் போகிறதா?” நான் கேட்கத் தவறிய கேள்வி அது.