மீன் முதலில், சோறு கடைசியில்

தம்பிக்கு எடை குறைப்பு ஆபரேஷன் நடந்து பதினொரு மாதம் ஆகிறது. இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை எடுத்துவிட்டார்கள். 118 கிலோ இருந்தவன் இப்போது 84. பார்க்கிறவர்கள், "கத்தி வெச்சா தானா இளைச்சிடும்" என்கிறார்கள். கூடவே இருந்து பார்த்தவன் சொல்கிறேன், அப்படி இல்லை.

நாலாவது மாதம் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. மாடி ஏறினால் கால் நடுங்கும். கஞ்சி, இட்லி, ரசம் சாதம் என்றே சாப்பிட்டு வந்தான். "இருக்கறதே கைப்பிடி இடம், அதையும் சோத்தால ரொப்பினா தசைக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டாராம் உணவு ஆலோசகர் அம்மா. அன்றிலிருந்து தினம் குறைந்தது 60 கிராம் புரதம். முதலில் மீனோ முட்டையோ பருப்போ, அப்புறம் காய், இடமிருந்தால் சோறு. தண்ணீர் அரை மணி கழித்துத்தான். வைட்டமின் மாத்திரை ஆயுசுக்கும்.

மென்று தின்பதுதான் அவனுக்குப் பெரும்பாடு. வகுப்பில் அவசரப்படுகிறவனைப் பார்த்து எங்கள் பிரெஞ்சு வாத்தியார் "தூஸ்மான், தூஸ்மான்" என்பார். மெதுவா என்று அர்த்தம். எதிரே உட்கார்ந்து நானும் அதையே சொல்கிறேன். முறைக்கிறான்.

காலையில் கடற்கரைச் சாலையில் நடக்கிறோம், 7.30 வரை வண்டித் தொல்லை இல்லை. ஆரம்பத்தில் காந்தி சிலையருகே அவன் உட்காருவான், இப்போது நான் உட்காருகிறேன். நடை மட்டும் போதாது என்று வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிறான், கைக்கு ஒரு கிலோ எடை.

போன வாரம் ஒரு கல்யாணத்தில் இலையில் பாதிக்கு மேல் மிச்சம். பெண்ணின் அப்பா ஓடிவந்து, "எங்க மேல ஏதும் கோபமா?" என்றார்.

"கோபம் இல்லீங்க, இடம் இல்லை" என்றான் தம்பி.